சி டாலர் யாருக்குத் திறக்கும்? வின்டோஸ் நிர்வாக ஷேர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து பேர் உட்காரும் கணக்கு அலுவலகம் முதல் முப்பது கணினி வைத்திருக்கும் சரக்குக் கம்பெனி வரை, சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து காக்கி புக்கிட் வரை சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருடத்துக்கு நாலைந்து முறையாவது ஒரு முதலாளி பதறிப்போய் அழைப்பார்: "தம்பி, எங்க சி டிரைவ் முழுசா நெட்வொர்க்ல திறந்து கிடக்குதாம், சோதனை பண்ண வந்தவர் சொல்றார்." அவர் சொல்வது சி$ (சி டாலர்) போன்ற ஷேர்களை, அதாவது வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே திறக்கும்படி பகிரப்பட்ட டிஸ்க்குகளையும் ஃபோல்டர்களையும். அவரும் அவரைப்போல மற்றவர்களும் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. வின்டோஸ் 10, 11 ஓடும் அலுவலகக் கணினிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

நாங்கள் எதையும் ஷேர் செய்யவே இல்லை. பட்டியலில் சி$, அட்மின்$ எல்லாம் எப்படி வந்தன?

வின்டோஸே போட்டது. கணினி தொடங்கும்போது 'சர்வர்' என்றொரு சேவை பின்னணியில் ஓட ஆரம்பிக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சாதாரண லேப்டாப்பிலும் அது ஓடும். அதன் உள்பெயர் லேன்மேன்சர்வர். 1980களில் வந்த லேன் மேனேஜர் என்ற பழைய மென்பொருளின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சேவைதான் ஒவ்வொரு டிஸ்க் பிரிவுக்கும் ஒரு ஷேரைத் தானாக உண்டாக்குகிறது. இருபது கணினி உள்ள இடத்தில் நிர்வாகி மேசை மேசையாக நடக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு ஃபைலைப் போடவும் எடுக்கவும் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

உங்கள் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டைத் திறந்து ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் ஷேர்ஸ் என்று போங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட் ஷேர்' என்று அடித்தாலும் அதே பட்டியல் வரும்.

ஒவ்வொன்றும் எதற்கு?

சி$, டி$ போன்றவை முழு டிஸ்க் பிரிவுகள். அட்மின்$ என்பது வின்டோஸ் நிறுவப்பட்ட ஃபோல்டர். ஐபிசி$ டிஸ்க்கே இல்லை. கணினிகள் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரை ஷேர் செய்திருந்தால் டிரைவர் எடுத்துக்கொள்ள பிரிண்ட்$ இருக்கும். டொமைன் கன்ட்ரோலர் (எல்லோருடைய லாகினையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் சர்வர்) இருக்கும் அலுவலகத்தில் அந்த சர்வரில் சிஸ்வால், நெட்லாகான் என்ற இரண்டையும் காண்பீர்கள். அவற்றுக்கு டாலர் குறி கிடையாது, தொடவும் கூடாது. தொட்டால் மறுநாள் காலை யாரும் ஒழுங்காக லாகின் செய்ய முடியாது.

டாலர் குறி போட்டால் பாதுகாப்பா?

இல்லை. நெட்வொர்க்கை மேயும்போது கண்ணில் படாது, அவ்வளவுதான். அந்த மறைப்பையும் பார்க்கிற கணினிதான் செய்கிறது: சர்வர் சேவை முழுப் பட்டியலையும் அனுப்புகிறது, வின்டோஸ் எக்ஸ்ப்ளோரர் டாலர் உள்ளதைக் காட்டாமல் விடுகிறது. லினக்ஸ் கணினியிலிருந்து கேட்டால் எல்லாம் தெரியும். (நம் ஊரில் காசை வெள்ளி என்றுதான் சொல்வோம், ஆனாலும் இதை 'சி வெள்ளி' என்று சொன்ன ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.)

அப்படியானால் பக்கத்து மேசைக்காரர் என் ஃபைல்களைப் பார்க்கலாமா?

சாதாரணமாக முடியாது. சி$ திறக்க வேண்டுமானால், உங்கள் கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் உள்ள ஒரு கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். பேக்அப் ஆபரேட்டர்ஸ் குழுவுக்கும் வழி உண்டு. சின்ன அலுவலகங்களில் அது பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை நெட்வொர்க் வழியே பயன்படுத்த வின்டோஸ் இயல்பாகவே விடாது. இந்த ஷேர்களின் அனுமதிப் பட்டியலை நீங்கள் மாற்றவும் முடியாது. முயன்றால், நிர்வாகத்துக்காகப் பகிரப்பட்டது என்று ஒரு செய்தியைக் காட்டி நிறுத்திவிடும்.

ஆகவே "திறந்து கிடக்குது" என்று சோதனைக்காரர் சொன்னது சரியில்லை. கதவு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

சரி, ஆபத்து எங்கே?

எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட் வைப்பதில்.

நடப்பது இதுதான். கணினிகளை வாங்கி அமைத்துக் கொடுப்பவர் பத்துக் கணினியிலும் ஒரே பெயரில் ஒரு கணக்கு போடுவார், ஒரே பாஸ்வேர்ட் வைப்பார். நினைவில் வைக்க எளிது. இனி வரவேற்பறைக் கணினியில் ஒருவர் தவறான இணைப்பைத் திறந்து உள்ளே ஒரு கிருமி புகுந்தால், அது அந்தக் கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும் பாஸ்வேர்டின் ஹாஷை, அதாவது பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை, எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் என்ன என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை. வின்டோஸ் வைத்திருக்கும் அந்த ஹாஷில் கணினிக்குக் கணினி மாறும் கலப்பு எதுவும் கிடையாது. பாஸ்வேர்ட் ஒன்றானால் ஹாஷும் ஒன்று. அதை அப்படியே அடுத்த கணினியிடம் நீட்டினால், கீழே சொல்லப்போகும் வின்டோஸின் தடுப்பை யாராவது தளர்த்தி வைத்திருந்தால், அட்மின்$ திறந்துவிடும். ஒரு ப்ரோக்ராமை அங்கே நகல் போட்டு, ஐபிசி$ வழியாக 'இதை ஓட்டு' என்று சொன்னால் போதும். நிர்வாகிகள் பயன்படுத்தும் பிஎஸ்எக்ஸெக் என்ற நல்ல கருவியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பழைய உதாரணங்கள். 2008 கடைசியில் பரவிய கான்ஃபிக்கர் புழு, ஒரு பாஸ்வேர்ட் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று அட்மின்$ வழியே நுழைந்தது. 2017 ஜூனில் வந்த நாட்பெட்யா என்ற கிருமி இன்னும் மோசம். அதற்கு ஒரு மாதம் முன்பு வான்னாக்ரை என்ற கிருமி உலகத்தையே கலக்கியிருந்ததால், பலர் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மார்ச் மாதத்து மைக்ரோசாஃப்ட் பேட்ச்சை (திருத்த அப்டேட்டை) போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நாட்பெட்யா, பேட்ச் போடாத ஒரு கணினியில் நுழைந்து, அதன் நினைவகத்திலிருந்து அட்மின் விவரங்களைத் திருடி, பேட்ச் போட்ட மற்ற கணினிகளுக்குள் அட்மின்$ வழியே முறைப்படி நுழைந்தது. சரியான சாவியோடு வருகிறவரைப் பேட்ச் என்ன செய்யும்?

நம் ஊர்க் கதையும் உண்டு. 2018ல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. தாக்கியவர்கள் வந்த வழி நாம் பேசும் ஷேர்களைப் பற்றியதல்ல. ஆனால் 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையில் ஒரு சர்வரின் உள் நிர்வாகிக் கணக்கைப் பற்றிப் படித்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லிலேயே ஓர் எழுத்துக்கு அட் குறியும் இன்னொன்றுக்குச் சுழியமும் போட்டு வைத்திருந்தார்கள். அதே பாஸ்வேர்டை அதற்குப் பிறகும் நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில்.

சி$ஐ நீக்கினேன். மறுநாள் திரும்பி வந்துவிட்டதே?

வரும். ஷேர் பட்டியலில் வலது க்ளிக் செய்து நீக்குவது அந்த நேரத்துக்கு மட்டும்தான். கணினியை மறுபடி தொடங்கினாலோ சர்வர் சேவை மறுபடி ஓடினாலோ மீண்டும் உண்டாகும்.

நிரந்தரமாக நிறுத்த என்ன வழி?

ரெஜிஸ்ட்ரி. வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம் அது. அதன் லோக்கல் மெஷின் கிளையில் சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், லேன்மேன்சர்வர், பாராமீட்டர்ஸ் என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே டிவேர்ட் என்ற எண் வகையில் ஒரு மதிப்பை உருவாக்க வேண்டும். சாதாரணக் கணினிக்கு அதன் பெயர் 'ஆட்டோ', 'ஷேர்', அதன்பின் டபிள்யூ, கே, எஸ் ஆகிய மூன்று எழுத்துகள், இடைவெளி இல்லாமல் சேர்த்து. வின்டோஸ் சர்வருக்கு அந்த மூன்று எழுத்துக்குப் பதிலாக 'சர்வர்' என்ற சொல். மதிப்பு 0. பிறகு சர்வர் சேவையை மறுபடி தொடங்குங்கள். திரும்பக் கொண்டுவர அந்த மதிப்பை அழித்தாலோ 1 ஆக்கினாலோ போதும்.

இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு "வேலை செய்யலையே" என்று அழைப்பவர்கள் நிறைய. இன்னொன்று: ஐபிசி$ இதில் போகாது. அது இருந்தாக வேண்டும்.

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் அந்தப் பகுதியை ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தினால் எது கெடும்?

முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அதுதான் சிக்கல். ஆன்டிவைரஸ் மென்பொருளை மத்தியிலிருந்து தள்ளி நிறுவும் வசதி பெரும்பாலும் அட்மின்$ஐ நம்பியிருக்கிறது. சில பேக்அப் மென்பொருள்களும் அப்படியே. பிஎஸ்எக்ஸெக் வேலை செய்யாது. மூன்று மாதம் கழித்து ஒரு புதிய பதிப்பை நிறுவப் போகும்போது பிழை வரும், ரெஜிஸ்ட்ரியில் செய்ததை எல்லோரும் மறந்திருப்பார்கள். செய்தால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

சரி, நிறுத்தலாமா வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வேண்டாம். ஒரே வார்த்தைக்கு மேல் கேட்டால்: அட்மின் சாவி கையில் உள்ள திருடனுக்கு சி$ ஒரு வசதி மட்டுமே. அது இல்லாவிட்டால் வின்டோஸின் வேறு நிர்வாக வழிகளில் ஒன்றைப் பிடிப்பான். நீங்கள் மட்டும் உங்கள் பேக்அப்பை இழந்திருப்பீர்கள். ஷேரை மூட எடுக்கும் நேரத்தைப் பாஸ்வேர்டுக்கும் ஃபயர்வாலுக்கும் கொடுங்கள். மத்திய நிர்வாகமே இல்லாத, நாலு கணினி மட்டும் உள்ள கடையில் மூடினால் நான் தடுக்க மாட்டேன்.

சரியான அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்தும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வருகிறது. ஏன்?

டொமைன் இல்லாத அலுவலகங்களிலிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். வின்டோஸ் விஸ்டா பதிப்பிலிருந்து ஒரு தடுப்பு இருக்கிறது: அந்தந்தக் கணினியில் உருவாக்கிய அட்மின் கணக்கை நெட்வொர்க் வழியே பயன்படுத்தினால், வின்டோஸ் அதன் நிர்வாக அதிகாரத்தைக் கழற்றிவிட்டு சாதாரணப் பயனராகத்தான் உள்ளே விடும். சாதாரணப் பயனருக்கு சி$ திறக்காது. வின்டோஸோடு பிறந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கணக்குக்கு மட்டும் இயல்பில் விலக்கு உண்டு. ஆனால் அது வழக்கமாக முடக்கப்பட்டிருக்கும். டொமைன் கணக்குகளுக்கும் இந்தத் தடுப்பு இல்லை.

தேடினால் உடனே ஒரு தீர்வு கிடைக்கும்: 'லோக்கல் அக்கவுண்ட் டோக்கன் ஃபில்டர் பாலிசி' என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 ஆக்கு. ஆக்கினால் சி$ திறக்கும், உண்மைதான். கிருமிக்கும் அதே போலத் திறக்கும். இன்னும் சிலர் முடங்கிக் கிடந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை எழுப்பி, எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்த வின்டோஸ் இந்த விஷயத்தில் ஓரளவு கெட்டியாகத்தான் இருக்கிறது. வசதிக்காக நாம் தளர்த்துவதுதான் பிறகு வம்பாகிறது. புதிய வாடிக்கையாளரிடம் போனால் இந்த மதிப்பு 1ஆக இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒருவேளை பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகின் செய்யும் பின் எண்ணை அடித்துப் பார்த்தீர்களா? பின் எண் அந்தக் கணினிக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது.

ஒவ்வொரு கணினிக்கும் வேறு பாஸ்வேர்ட் என்றால் யார் நினைவில் வைப்பது?

யாரும் வைக்க வேண்டாம். டொமைனோ, அதுபோன்ற வேலையை இணையம் வழியே செய்யும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவோ இருந்தால் 'லேப்ஸ்' என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்துங்கள். முன்பு தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து வின்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது, தனிக் காசும் கிடையாது. ஒவ்வொரு கணினியின் உள் நிர்வாகிக் கணக்குக்கும் தானாக ஒரு பாஸ்வேர்டை உருவாக்கி, மத்தியில் சேமித்து, குறித்த நாளில் மாற்றிக்கொண்டே இருக்கும். இயல்பு அமைப்பில் 14 எழுத்து, 30 நாள். தேவைப்படும்போது நிர்வாகி எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் இல்லாத வொர்க்குரூப் அலுவலகத்தில் லேப்ஸ் வேலைக்காகாது. ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரில் கணினிப் பெயர் வாரியாகப் போட்டு வையுங்கள். எக்செல் ஷீட்டில் எழுதி, அந்த ஷீட்டை ஷேர்டு ஃபோல்டரில் வைத்திருந்த அலுவலகத்தையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மேலும் சொல்லத் தேவையில்லை.

கூடவே ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கணினியிலும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவைத் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப் போனவர், பிரிண்டர் நிறுவ வந்தவருக்காகத் தற்காலிகமாகச் சேர்த்தவர், எல்லோரும் இன்னும் அங்கே குடியிருப்பார்கள்.

ஃபயர்வாலில் என்ன செய்யலாம்?

இந்த ஷேர்கள் எல்லாம் 445 என்ற போர்ட் வழியாக வருகின்றன. பழைய முறைக்கு 139. வரவேற்பறைக் கணினியும் கணக்குப்பிரிவுக் கணினியும் ஒன்றின் டிஸ்க்கை மற்றொன்று பார்க்க வேண்டிய தேவை என்ன? எல்லோரும் ஃபைல் சர்வரைத்தான் பார்க்க வேண்டும். வின்டோஸ் ஃபயர்வாலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' விதிகளில் 445க்கான உள்வரும் விதியைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் நிர்வாகியின் கணினி, பேக்அப் சர்வர் ஆகியவற்றின் முகவரியை மட்டும் விடுங்கள். ஒரு கணினியில் தொற்றியது மற்ற கணினிகளுக்குத் தாவும் வழி இதில் பெருமளவு அடைபடும்.

செய்யும் முன் போட்டோகாப்பி மெஷினை மறக்காதீர்கள். ஸ்கேன் செய்ததை யாரோ ஒருவரின் கணினி ஃபோல்டருக்கு அனுப்பும்படி அமைத்திருப்பார்கள். அதுவும் 445 வழியாகத்தான் வரும். முகவரியைச் சேர்க்காமல் விட்டால் முற்பகல் பதினோரு மணிக்கு உங்கள் கைப்பேசி அடிக்கும். மெஷின் ரொம்பப் பழையதாக இருந்தால் எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை மட்டுமே அதற்குத் தெரியும், அதற்காக யாராவது கணினியில் அந்தப் பழைய முறையை எழுப்பியும் வைத்திருக்கலாம். வான்னாக்ரை புகுந்த ஓட்டை அந்த எஸ்எம்பி 1ல் இருந்ததுதான். 2017 கடைசியில் வந்த வின்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதில்லை. மெஷினை மாற்றுங்கள், அல்லது மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்பச் சொல்லுங்கள்.

ஊழியர்கள் ஃபைல் பரிமாற டி$ஐயே பயன்படுத்தலாமா? தனியாக ஷேர் போடும் வேலை மிச்சம்.

ஒரு கம்பெனியில் இப்படித்தான் செய்திருந்தார்கள். டி$ திறக்க அட்மின் அதிகாரம் வேண்டும் என்பதால் ஃபைல் சர்வரில் பதினெட்டு ஊழியர்களையும் அட்மின் ஆக்கியிருந்தார் அமைத்துக் கொடுத்தவர். சம்பளப் பட்டியல், மத்திய சேம நிதிக் கணக்கு, ஊழியர்களின் அடையாள அட்டை நகல், எல்லாம் எல்லோருக்கும். ஒருவர் இன்னொருவரின் சம்பளத்தைப் பார்த்துவிட்டுச் சண்டை வந்த பிறகுதான் என்னை அழைத்தார்கள். சாதாரண ஷேர் ஒன்றைப் போட்டு, குழு வாரியாக அனுமதி கொடுத்து, எல்லோரையும் அட்மின் குழுவிலிருந்து இறக்க அரை நாள் ஆனது. சண்டை தீர எத்தனை நாள் ஆனதோ.

யார் நுழைந்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க முடியுமா?

ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தால் முடியும். ஆடிட் பாலிசியில் ஃபைல் ஷேர் பதிவை இயக்கினால், செக்யூரிட்டி லாகில் 5140 என்ற எண்ணோடு எந்தக் கணக்கு, எந்த முகவரியிலிருந்து, எந்த ஷேரைத் தொட்டது என்று பதியும். நெட்வொர்க் வழி லாகின்கள் 4624 எண்ணில், வகை 3 என்று இருக்கும். சிஸ்டம் லாகில் 7045 என்றால் புதிய சேவை ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அட்மின்$ தொடப்பட்டு உடனே 7045 வந்திருந்தால் கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டுப் பிறகு யோசியுங்கள். அந்த நேரத்தில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்க, ஷேர்டு ஃபோல்டர்ஸுக்குள் செஷன்ஸ் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வழக்கறிஞர் இல்லை, தெரிந்தவரை சொல்கிறேன். வேடிக்கைக்காகச் சக ஊழியரின் சி$ஐத் திறந்து பார்ப்பது விளையாட்டில்லை. அனுமதியின்றி கணினியில் உள்ளதை அணுகுவது கணினி தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

முதலாளிகளுக்கு: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கையில் உள்ள தகவலுக்குத் தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்வது உங்கள் கடமை. தகவல் கசிந்து அது 500 பேருக்குக் குறையாதவர்களைப் பாதித்தாலோ, பெரிய தீங்கு விளைவிக்கும் வகையானது என்றாலோ, அப்படி மதிப்பிட்ட மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அபராத வரம்பு ஒரு மில்லியன் வெள்ளி. உள்நாட்டு ஆண்டு வருமானம் 10 மில்லியனைத் தாண்டும் நிறுவனத்துக்கு அந்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை போகலாம். இணையப் பாதுகாப்பு அமைப்பின் 'சைபர் எசென்ஷியல்ஸ்' முத்திரைக்கு விண்ணப்பிப்பவர்கள் அட்மின் கணக்குகளை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

லேப்டாப்பை நூலகத்து வைஃபையில் பயன்படுத்தினால்?

நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருக்கட்டும். அப்போது ஃபயர்வால் 445ஐ வெளியாருக்குத் திறக்காது. அலுவலக வைஃபையிலும் விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் கொடுங்கள்.

நாங்கள் எதையும் தொடவில்லை. ஆனால் சி$, அட்மின்$ காணாமல் போய்விட்டன.

நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டே இதைத் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்று எச்சரிக்கிறது. சில கிருமிகள் உள்ளே வந்த பிறகு ஷேர்களை அழித்துவிடும். முதலில் மேலே சொன்ன ரெஜிஸ்ட்ரி மதிப்பு 0ஆக இருக்கிறதா, சர்வர் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு முன் இருந்த ஐடி ஆள் மூடியிருக்கலாம், அவரைக் கேளுங்கள். அவரும் "நான் இல்லையே" என்றால், கணினியைத் தனியே எடுத்து முழுதாகச் சோதித்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.